பூமிக்குக் கேட்காமல் நட

அப்பா நிலநடுக்கக் கருவியைப் பார்த்துக்கொள்ளும் ஆள். கருவி இருப்பது பாறையைக் குடைந்து கட்டிய அறையில். அதற்கு நேர் மேலேதான் எங்கள் குடியிருப்பு. கட்டினவர் என்ன நினைத்துக் கட்டினாரோ, வீட்டில் யார் நடந்தாலும் கீழே காகிதத்தில் முள் ஆடிக் கோடு கிழித்துவிடும். "சின்னவ கட்டில்லேருந்து குதிச்சா, பெரியவ வாசல் வரைக்கும் போயிட்டு வந்தா" என்று சாப்பிடும்போது அப்பா எங்களை வாசித்துக் காட்டுவார்.

அன்று பதினோரு மணிக்கு அக்காவுக்கு வானொலி நிலையத்தில் குரல் தேர்வு. "முகம் தெரியாதவங்ககிட்ட பேசுறதெல்லாம் ஒரு வேலையா? படி தாண்டக் கூடாது" என்று அப்பா சொல்லியிருந்தார்.

அக்கா அசரவில்லை. "அதிர்வு பாறையில ஓடும், சிமெண்டுல ஓடும். பஞ்சுல ஓடுமாடி?" என்றாள்.

மெத்தை, தலையணை, கம்பளி எல்லாவற்றையும் கூடத்திலிருந்து வாசல்வரை விரித்தோம். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. என் தலையணையை மட்டும் மிதிக்காதீங்க."

அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நடந்தாள். பாதி வழிகூடப் போகவில்லை, படிக்கட்டில் தடதடவென்று சத்தம். அப்பா! கையில் போன், முகமெல்லாம் வியர்வை.

"கீழ சிக்னலே இல்ல. போன் பண்ணிப் பண்ணிப் பார்த்தேன்." மூச்சு வாங்கியது. "எங்கயோ தூரத்துல பெரிய அதிர்வு. முதல் அலை வந்தாச்சு. அடுத்தது மெதுவாத்தான் வரும், ஆனா பெருசா வரும். யாரும் நடக்காதீங்க!"

அப்போதுதான் மெத்தைகளைப் பார்த்தார். அக்கா கையிலிருந்த செருப்பையும் பார்த்தார்.

"யார் விரிச்சது?"

அப்பா குனிந்து மெத்தையை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா இந்தப் புத்தி எனக்கு வரலையே!" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பினார். "நீ ஏன் நடுவுல நிக்கிற? உன்னோடது யானை நடை. அப்படியே மெத்தை மேலயே நடந்து வெளிய போ. சாயங்காலம் வரைக்கும் இந்தப் பக்கம் வராத!"

"எங்கப்பா போவேன்?" என்றாள் அக்கா, பாவம் போல.

"எங்கயாவது போ!"

அக்கா போனாள். அப்பா வந்த வேகத்திலேயே கீழே ஓடினார். நானும் அம்மாவும் மெத்தையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

மாலையில் அப்பா காகிதத்தைக் கொண்டுவந்து விரித்தார். அழகழகான அலைகள். நடுவில் மட்டும் கன்னாபின்னாவென்று குத்தல்கள்.

"இது யாரு?" என்று அதட்டினார்.

"படிக்கட்டுல ஏறி இறங்கின ஆளு" என்றாள் அம்மா.

அப்பா அவசரமாகக் காகிதத்தைச் சுருட்டுவதற்குள் அக்கா வந்துவிட்டாள்.

"எங்க போன?"

"எங்கயாவது போன்னு சொன்னீங்க, போனேன். நாளையிலேருந்து தினமும் வரச் சொல்லிட்டாங்கப்பா."

அப்பா கீழே இறங்கிப் போய்விட்டார். வெகுநேரம் கழித்துப் படியில் அவர் தலை மட்டும் தெரிந்தது.

"உன் குரல் எத்தனை மணிக்கு வரும்? கீழ ரேடியோ எடுக்காது. நான்தான் மேல வரணும்."

"மெதுவா ஏறி வாங்க" என்றாள் அம்மா.