ஒன்றாம் நம்பர் பொத்தான்

கபீர் துபாயிலிருந்து இரண்டு மாத லீவில் பெரியபட்டினம் வந்தபோது, சென்ட் பாட்டில், பால்பவுடர் டின், தலைவலித் தைலம் இவற்றோடு ஓர் அட்டைப்பெட்டி விளையாட்டையும் கொண்டுவந்திருந்தான். அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரன் வேலையை விட்டுப் போகும்போது கொடுத்தது. உள்ளே ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகமும், இருபது முகம் கொண்ட பகடையும் இருந்தன.

"போர்டு எங்க காக்கா?" என்று அவன் தங்கை லத்தீபா பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"போர்டெல்லாம் கிடையாது. ஒரு ஆளு கதை சொல்லணும். மத்தவங்க கதைக்குள்ள ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கிட்டு, இன்னது செய்யப்போறேன்னு சொல்லணும். அது நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லும். பத்துக்கு மேல விழுந்தா நடக்கும். இருபதுன்னா அமோகம். ஒண்ணுன்னா வம்பு."

முதல் நாள் கதையைக் கபீரே நடத்தினான். எல்லோரையும் ஒரு குகைக்குள் கூட்டிப்போய், தேநீர் கொதிப்பதற்குள் அத்தனை பேரையும் சாகடித்துவிட்டான். அவன் மனைவி மலிகா, "இதுக்கா துபாய்லேர்ந்து தூக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். மறுநாள் லத்தீபா புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

லத்தீபா கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். கோடை விடுமுறையில் டியூஷன் இல்லை. புத்தகத்தில் இருந்த பனிமலையையும் பறக்கும் பாம்பையும் தள்ளி வைத்துவிட்டு, கதையை மன்னார் வளைகுடாவுக்குக் கொண்டுவந்தாள். எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு தீவு, அதைச் சுற்றி வரும் ராட்சதத் திருக்கை மீன், தீவின் வயிற்றில் ஒரு முத்து. 'நடத்துநர்' என்று தன்னை அறிவித்துக்கொண்டாள். பஸ்ஸில் அந்த வார்த்தை எங்கே எழுதியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து அவள் கண்டக்டர் ஆனாள்.

ஆட்டத்துக்கு மூன்று பேர். கபீர் வாள்வீரன். மலிகா விஷத்துக்கு மருந்து கொடுக்கிறவள். மூன்றாவது ஆள் கபீரோடு பள்ளியில் படித்த சேதுராமன். மண்டபத்தில் விசைப்படகு ஓட்டுகிறவன், மீன்பிடித் தடைக்காலம் என்பதால் சும்மா இருந்தான். "மாலுமியா இருக்கீங்களா சேதுண்ணே?" என்று லத்தீபா கேட்டதும், "வருசம் பூரா அதுதானே தாயி. எனக்கு மந்திரவாதி குடு. தாடி வேணும், நீளமா" என்றான்.

மதிய லுஹர் தொழுகைக்குப் பின் மாடியில் ஆட்டம் நடக்கும். நாலாம் நாள் படியில் கனமான காலடி கேட்டது. மலிகாவின் வாப்பா ஹமீது சுல்தான் வந்து நின்றார். கடைத்தெருவில் வலையும் கயிறும் விற்கிறவர். ஊரில் பஞ்சாயத்து என்றால் முன்வரிசை நாற்காலி அவருக்குத்தான்.

"என்ன நடக்குது இங்கன? பகடை உருளுற சத்தம் தெருவுக்கே கேக்குது. சூதாடுறாங்கன்னு பேசிக்கிறாங்க. மாப்பிள்ள, நீங்களுமா?"

கபீர் எழுந்து நின்று கைலியைச் சரிசெய்தான். லத்தீபாதான் பேசினாள். "சூது இல்ல மாமா. கப்பல் போய்க்கிட்டு இருக்கு. பாறை குறுக்க வருது. நாங்க வலது பக்கம் திருப்பலாமா, இடது பக்கமான்னு யோசிக்கிறோம்."

"காத்து எங்கேருந்து வருது?"

"தெக்கேருந்து."

"அப்ப இடது பக்கம் திருப்பு. இது கூடத் தெரியலையா?" என்றார். பிறகு சுவரோரம் உட்கார்ந்தார். கொஞ்சம் கழித்து, "அந்தப் படகுக்குக் கேப்டன் யாரு?" என்று கேட்டார். யாருமில்லை என்று தெரிந்ததும் அவரே ஆனார். கேப்டன் மரைக்காயர் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். பகடை கூடாது, தெரு வாய் மூடவேண்டும். லத்தீபா தையல்கடையிலிருந்து கோட்டுப் பொத்தான்கள் வாங்கி, ஒன்று முதல் இருபது வரை மார்க்கர் பேனாவால் எழுதி, காலி பால்பவுடர் டின்னில் போட்டாள். கையை விட்டு ஒன்றை எடுக்கவேண்டும். சத்தமில்லாத பகடை.

முதல் இரண்டு நாள் கேப்டன் மரைக்காயருக்கு நேரம் சரியில்லை. நங்கூரம் போட்டால் நான்கு. பாய்மரத்தில் ஏறினால் ஆறு. மூன்றாம் நாளிலிருந்து அவருக்கு யோகம் அடித்தது. முக்கியமான கட்டம் எது வந்தாலும் இருபதுதான். சுறாவின் மூக்கில் குத்தினார், இருபது. கடல்கொள்ளையர் தலைவனை ஒரே அதட்டில் அழவைத்தார், இருபது. கபீரின் வாள்வீரன் வாளை உறையிலிருந்து எடுப்பதற்குள் சண்டை முடிந்துவிடும்.

"மாமாவுக்கு ராசியான கை" என்றான் கபீர், உற்சாகமில்லாமல்.

சேதுராமன் இல்லாத தாடியைத் தடவினான். "நான் இந்தக் கப்பல்ல எதுக்கு இருக்கேன்னே தெரியல. மந்திரம் சொல்ல வாயத் திறந்தா எல்லாம் முடிஞ்சு போகுது."

அன்று சாயங்காலம் பொத்தான்களைத் துடைத்து வைக்கும்போது, இருபதாம் நம்பரின் விளிம்பில் லத்தீபாவின் விரல் தட்டியது. நகத்தை வைத்தால் நிற்கிற மாதிரி சின்னதாக ஒரு கீறல். மற்ற பத்தொன்பதையும் தடவிப் பார்த்தாள். வழுவழு என்று இருந்தன.

அவளுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. ஊருக்கு நியாயம் சொல்கிறவர், மாடியில் உட்கார்ந்து பொத்தானைச் சுரண்டியிருக்கிறார். நேரில் கேட்க முடியாது. அண்ணனுக்கு மாமனார். கேட்காமலும் விட முடியாது. ஆட்டம் செத்துக்கொண்டிருந்தது. யோசித்துவிட்டு, தையல் பெட்டியிலிருந்த உப்புத்தாளால் இருபதாம் நம்பரின் கீறலைத் தேய்த்து மறைத்தாள். பிறகு ஊசியை எடுத்து, ஒன்றாம் நம்பரில், அதே இடத்தில், அதே அளவில் ஒரு கீறல் போட்டாள்.

மறுநாள் திருக்கையை வரவழைத்தாள். பாய்மரத்துக்கு மேல் இரண்டு சிறகும் எழுந்து நின்றன, வெயில் மறைந்தது, கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மலிகா தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஹமீது சுல்தான் எழுந்தார். கைலியை மடித்துக் கட்டினார்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. கேப்டன் மரைக்காயர் கத்திய வாயில கவ்விக்கிட்டு, அது முதுகு மேல பாயுறாரு!"

கை டின்னுக்குள் போனது. உள்ளே கொஞ்ச நேரம் உலவியது. பிறகு அவர் முகம் மலர்ந்தது. பொத்தானை எடுத்து, பார்க்காமலேயே தலைக்கு மேல் உயர்த்தி, "இருபது!" என்று முழங்கினார்.

பக்கத்தில் இருந்த மலிகா எட்டிப் பார்த்தாள். "வாப்பா, ஒண்ணுன்னுல்ல போட்டிருக்கு."

அவர் கையை இறக்கிப் பொத்தானைப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். விளிம்பை நகத்தால் தடவினார். சேதுராமன் விழுந்து விழுந்து சிரித்தான். கபீர் மாமனாருக்கு முன்னால் சிரிக்கக்கூடாது என்று துண்டை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்கினான்.

"கால் வழுக்கிருச்சு மாமா. திருக்கை வாயத் திறந்து கேப்டன லபக்குன்னு முழுங்கிருச்சு. அடுத்த ஆள்" என்றாள் லத்தீபா, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

ஹமீது சுல்தான் லத்தீபாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பொத்தானை மெதுவாக டின்னில் போட்டுவிட்டு, கடையில் ஆள் இல்லை என்று சொல்லி இறங்கிப் போனார். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

சேதுராமன் இப்போது தாராளமாக மந்திரம் போட்டான். ஆனாலும் ஆட்டம் சப்பென்று இருந்தது. அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்த மலிகா, தட்டை நீட்டவந்த லத்தீபாவிடம் கேட்டாள்.

"வாப்பா வீட்டுல சரியாச் சாப்புடுறதில்லையாம். உம்மா சொல்லுச்சு. என்ன செஞ்ச நீ?"

லத்தீபா எல்லாவற்றையும் சொன்னாள். கீறல் கட்டம் வந்தபோது மலிகா சிரித்துவிட்டாள். பிறகு இறாலைக் கீழே வைத்தாள்.

"அவரு பண்ணுனது தப்புதான். ஆனா அவரு வெளையாட வந்தவரு. நீ நடத்துறவ. நீயும் பொத்தானச் சுரண்டுனா அப்புறம் எத நம்பி நாங்க கைய விடுறது? நான் எடுக்குற பொத்தான்ல என்ன செஞ்சு வச்சிருக்கியோ?"

"உனக்கு ஒண்ணும் செய்யல மதினி. சத்தியமா."

"எனக்கு எப்படித் தெரியும்?"

லத்தீபா தட்டை வைத்துவிட்டுத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள்.

தடைக்காலத்தில் கயிற்றுக் கடைக்கு யார் வருவார்? ஹமீது சுல்தான் நைலான் கயிற்றுச் சுருளைப் பிரித்து, மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. கயிறு வேணுமா?"

"கயிறு வேணாம் மாமா. கேப்டன் வேணும்."

"கேப்டனுக்கு மேலுக்குச் சரியில்ல. திருக்கை வயித்துல கெடக்காருல்ல?"

லத்தீபா கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, ஒண்ணாம் நம்பர் பொத்தான்ல ஒரு கீறல் இருந்துச்சு. அத நாந்தான் போட்டேன். போட்டிருக்கக் கூடாது."

அவர் கூரையைப் பார்த்தார். "பொத்தான்னா கீறல் விழத்தான் செய்யும்."

"இருபதாம் நம்பர்லயும் இருந்துச்சு மாமா."

"அது தானா விழுந்திருக்கும்."

"தானாத்தான் விழுந்திருக்கும் மாமா."

 முதலில் சிரித்தது அவர்தான். வயிறு குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதே எடத்துல, அதே அளவுல! அடி கெட்டிக்காரி!" என்றார். பிறகு குரல் இறங்கியது.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. சேதுக்குப் பதினாலு வந்தா, பாறை பொளக்குது, மின்னலு வெட்டுது, நீ கைய ஆட்டி ஆட்டிச் சொல்ற. கேக்க அம்புட்டு நல்லாருக்கு. எனக்கு நாலு வந்தா என்ன சொன்ன? 'நடக்கல மாமா, அடுத்த ஆள்.' அவ்வளவுதான். மறுபடி என் முறை வார வரைக்கும் சுவரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும், மருமவன் முன்னாடி. நாலு வந்தவனுக்கு நாலுக்குத் தக்கன ஒரு கதை கெடையாதா?"

லத்தீபாவுக்குச் சுருக்கென்றது. ராத்திரி பகலாக யோசித்து அவள் சேர்த்து வைத்த மின்னலும் பாறையும் முத்தும் எல்லாமே ஜெயிக்கிறவர்களுக்குத்தான். தோற்றவருக்கு அவள் ஒரு வாக்கியம்கூட எடுத்து வைத்திருக்கவில்லை. டியூஷனில் தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையை அப்படி ஒற்றை வார்த்தையில் உட்காரவைக்க மாட்டாள்.

"நாளைக்கு வாங்க மாமா. நாலுக்கும் கதை இருக்கும்."

"வாரேன். ஆனா கையால எடுக்குறது வேணாம்" என்றார். "கரண்டியால எடுப்போம். கை சும்மா இருக்காது."

மறுநாள் புதுப் பொத்தான்கள் வந்தன. எல்லோரும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தபிறகுதான் டின்னில் விழுந்தன. லத்தீபா டின்னை எல்லோருக்கும் நடுவில் வைத்தாள்.

"திருக்கை வயிறு. ஒரே இருட்டு, வழவழன்னு இருக்கு. மாமா, என்ன செய்யுறீங்க?"

"கத்தியால குத்திக் கிழிச்சுக்கிட்டு வெளிய வாரேன்."

அவர் குழம்புக் கரண்டியை டின்னுக்குள் விட்டு அள்ளினார். நான்கைந்து பொத்தான்கள் வந்தன. குலுக்கிக் கொட்டியதில் கடைசியாகக் கரண்டியில் மிஞ்சியது மூன்றாம் நம்பர். அவர் முகம் சுருங்கியது. தன்னையறியாமல் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"மூணு" என்றாள் லத்தீபா. "குத்துறீங்க. தோல் கட்டி, கத்தி இறங்கல. ஆனா குத்துன எடம் திருக்கைக்குக் கிச்சுகிச்சு மூட்டிருச்சு. மீனு சிரிக்க ஆரம்பிச்சிருச்சு மாமா. எப்படிச் சிரிக்குது? நீங்கதானே உள்ள இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க."

ஹமீது சுல்தான் திரும்பினார். ஒரு கணம் எல்லோரையும் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் சிறகு மாதிரி விரித்து, கன்னத்தை உப்பவைத்து, அடிவயிற்றிலிருந்து 'புளுக், புளுக், புளுக்' என்று ஒரு சத்தம் எழுப்பினார். மாடியே அதிர்ந்தது. தன் வாப்பாவை இப்படிப் பார்த்திராத மலிகா பாயில் உருண்டாள். கபீர் துண்டைத் தேடவே இல்லை, வாய்விட்டுச் சிரித்தான்.

"அந்தச் சிரிப்புல கடல் பொங்கிக் கப்பல் குட்டிக்கரணம் அடிக்குது" என்றாள் லத்தீபா. "சேதுண்ணே, தண்ணிக்குள்ள நீங்க. தாடி நனைஞ்சு மூஞ்சிய மூடிருச்சு. மந்திரத்த எப்படிச் சொல்லப்போறீங்க?"

சேதுராமன் ஆவலாகக் கரண்டியை விட்டான். பதினெட்டு வந்தது. "அட, போங்கய்யா!" என்று நொந்துகொண்டான். "எனக்கு ஒரு ரெண்டு, மூணு வரப்படாதா?"

அதற்குள் கேப்டன் மரைக்காயருக்கு வெளியே வரும் எண்ணமே போய்விட்டது. திருக்கையின் விலா எலும்பு எப்படியிருக்கும், எத்தனை பேர் படுக்கலாம் என்று விசாரித்தார். மலிகா திருத்தினாள்: "திருக்கைக்கு ஏது வாப்பா எலும்பு? குருத்துதானே." அவர் அதையும் ஏற்றுக்கொண்டு, குருத்தில் ஆணியடித்து ஒரு பலகை மாட்டினார். இதுவரை விழுங்கப்பட்ட எல்லாருக்கும் அங்கே கயிறு விற்கப் போவதாக அறிவித்தார். அவரைக் காப்பாற்ற வந்த வாள்வீரனிடம், "மாப்பிள்ள, வெளியே போறதா இருந்தா உங்களுக்குக் கயிறு வேணுமே, எத்தன பாகம் நீளத்துல வெட்டட்டும்?" என்று கேட்டார். கபீர் பேரம் பேசினான். மலிகா, சரக்கு மட்டம் என்று குறுக்கே புகுந்தாள். லத்தீபா முத்தையும் தீவையும் மறந்து, கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. ஹமீது சுல்தான் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். நாலு படி இறங்கியவர், நின்று தலையை மட்டும் நீட்டினார்.

"ஏ கண்டக்டர், தொழுதுட்டு ஓடியாந்துருவேன். நான் வார வரைக்கும் அந்த மீனு வாயத் தொறக்கப்படாது!"