நாற்பது நிமிடம் முந்தி வந்த பாங்கு

ஜன்னலைத் திறந்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் துர்ஸாஃபைக் குறை சொல்லக் கூடாது.

நாங்கள் துனிசியாவின் தலைநகர் துனிஸில், ஏரிக்கரையில், ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, பிரான்சில் மக்கர் பண்ணும் வாஷிங் மெஷின்களுக்குப் போனில் வைத்தியம் சொல்கிறவர்கள். என் பெயர் வன்னாஸ். போனை எடுத்தால் ஜூலியன். பக்கத்து நாற்காலி துர்ஸாஃப் போனில் கிளேர். கூப்பிடுகிறவர் எந்த ஊரோ அந்த ஊர் வானிலை எங்கள் திரையின் மூலையில் தெரியும். அங்கே மழை என்றால், இங்கே மண்டை காயும் வெயிலிலும் "ஆமாங்க, ஒரே மழை" என்று நாங்களும் சலித்துக்கொள்ள வேண்டும். துனிஸ் என்ற சொல் மட்டும் வாயில் வரக் கூடாது. வந்தால் வேலை போச்சு.

துர்ஸாஃபின் ஆறு மாதத் தற்காலிக வேலை ரமலான் பெருநாளோடு முடிகிறது. நிரந்தரமானால் காலை ஷிப்ட் கிடைக்கும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த ரமலானில் ஒரு நாள்கூட அவள் வீட்டில் நோன்பு திறக்கவில்லை. மகள் ஸீரினுக்கு ஐந்து வயது. தினமும் அப்பாவோடு உட்கார்ந்து சூப் குடித்துவிட்டு, அம்மாவின் தட்டில் ஒரு பேரீச்சம்பழம் எடுத்து வைப்பாளாம். "இருபத்திரண்டு சேந்துருச்சு. அவங்கப்பா ஒண்ணத் தொட்டாக்கூட அழுறா" என்று துர்ஸாஃப் அன்றைக்குத்தான் சொன்னாள்.

புதியவர்கள் பேசுவதைப் பக்கத்து இருக்கைக்காரரும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. அதனால் மாலை ஆறு பத்துக்கு வந்த அந்தக் குரல் என் காதிலும் விழுந்தது.

"கிளேர் பேசுறேன். சொல்லுங்க சார்."

"கமாயிஸ் பேசுறேன்மா, நாந்த்லேருந்து. மெஷின் கதவு தொறக்க மாட்டேங்குது. உள்ள என் பெருநாள் ஜிப்பா ஊறிக்கிட்டு கெடக்கு."

ஆள் எங்கள் ஊர்க்காரர் என்று பெயரே சொல்லிவிட்டது. ஆனால் கிளேருக்கு அது தெரியக் கூடாதே.

"கவலப்படாதீங்க சார். பிளக்கப் புடுங்கிட்டு, கீழ இருக்குற மூடியத் திருகித் தண்ணிய வடிங்க. பூட்டு தானா விட்டுரும்."

"எனக்கேவா? இருபத்தாறு வருஷம் இந்தக் கதவுக்குக் கீல் மாட்டுன கைம்மா இது. அப்புறம் ஃபேக்டரிய போலந்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. போலந்துக் கதவு என் பேச்சக் கேக்குமா?"

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்தார். முனகல் கேட்டது.

"நோன்பு வேற. குனிஞ்சா தல சுத்துது. நோன்புன்னா என்னன்னு தெரியுமா கிளேர்?"

விடிவதற்கு முன்னாலிருந்து எச்சிலைத் தவிர எதையும் விழுங்காத துர்ஸாஃப், "அப்படிங்களா சார்! தண்ணிகூடவா குடிக்க மாட்டீங்க?" என்றாள். பிரான்சில் எல்லாரும் கேட்கிற கேள்வி அது. நான் சிரிப்பை அடக்க மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணிகூட கெடையாது. நாப்பத்தோரு வருஷமா இந்த ஊர்ல ஒண்ணக்கூட விட்டதில்ல. ஒனக்கென்னம்மா, காப்பி குடிச்சிக்கிட்டே பேசுவ."

"ஆமாங்க சார்" என்றாள், வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு.

ஆறு இருபத்தைந்துக்கு நான் வழக்கம்போல எழுந்து ஜன்னலைத் திறந்தேன். பள்ளிவாசலிலிருந்து மாலைத் தொழுகைக்கான பாங்கு கேட்டதும் மைக்கை அணைத்து, பத்து எண்ணுவதற்குள் பழத்தை விழுங்கித் தண்ணீரைக் குடித்துவிட்டு, மறுபடி மைக்கைப் போடுவோம். போனின் மறுமுனையில் இருக்கிற பிரெஞ்சுக்காரர், நாம் ஏதோ தேடுகிறோம் என்று நினைத்துக்கொள்வார். துர்ஸாஃப் பொத்தானை அழுத்தினாள். பசிப் பதற்றத்தில் இரண்டு தரம் அழுத்திவிட்டாள். மைக் அணைந்து, மறுபடியும் உயிர் பெற்றுவிட்டது.

நாந்தில் மேஜைமேல் கிடந்த போனிலிருந்து பாங்கு கணீரென்று கேட்டிருக்கிறது. தினமும் நோன்பு திறக்கிற நேரத்தில் அவருக்குப் பாங்கு சொல்வது அதே போன்தான். வெளியே மழை இருட்டு. மனிதர் என்ன செய்வார்?

"பிஸ்மில்லாஹ்" என்றது குரல். மெல்லுகிற சத்தம்.

வாயில் பழத்தோடு துர்ஸாஃப், யோசிக்காமல், "ஸஹ்ஹா ஷ்ரீப்தெக்!" என்றாள். நோன்பு திறக்கிறவருக்கு எங்கள் நாட்டில் சொல்கிற வாழ்த்து. வேறு எங்கேயும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

"ஒனக்கும் ஆரோக்கியம் மகளே" என்றார் அவரும், யோசிக்காமல்.

பிறகு இரண்டு நாட்டிலும் மெல்லுவது நின்றது.

"கிளேர்?"

"சார்..."

"சுவத்துக் கடிகாரம் ஆறு இருவத்தாறு காட்டுது. எனக்கு நோன்பு தொறக்குற நேரம் ஏழு ஆறு. இந்தப் பாங்கு எங்கேருந்து வந்துச்சு?"

"ரேடியோங்க சார்."

"கிளேர் வீட்டு ரேடியோ பாங்கு சொல்லுதாக்கும்? வாய்ல பழத்த வெச்சிக்கிட்டு பொய் சொல்லாத. எந்த ஊரு புள்ள நீ?"

துர்ஸாஃப் என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று தலையை ஆட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் ஊர் அரபியில் சொன்னாள்.

"துனிஸ், பெரியப்பா. என் பேரு துர்ஸாஃப்."

"அடிப்பாவி! நாப்பத்தோரு வருஷ நோன்ப ஒரு போன்ல முடிச்சிட்டியே! ஃபேக்டரிய போலந்துக்கு அனுப்புனாங்க, சரின்னேன். ரிப்பேர துனிஸுக்கு அனுப்புனாங்க, அதுவும் சரி. இப்ப சூரியன் மறையுறதயும் அங்கேயே அனுப்பிட்டாங்களா?"

"மன்னிச்சிருங்க பெரியப்பா. கடிகாரம் ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான், சூரியன்தான் இங்க நாப்பது நிமிஷம் முந்தி மறையுது. தெரியாம நடந்துச்சு."

"களா நோன்பு யாரு புடிக்கிறது? பெருநாளுக்கு அப்புறம் நான் தனியா ஒரு நாள் பட்டினி கெடக்கணும். வீட்ல நான் ஒருத்தன்தான். கேக்குறதுக்கு ஆள் இல்ல."

"நானும் ஒங்களோட புடிக்கிறேன். எனக்கும் ஈடுசெய்ய வேண்டியது அஞ்சாறு இருக்கு."

"அந்த வேலயயும் நீங்களே எடுத்துக்கிட்டீங்களா?" என்றவர் சிரித்துவிட்டார். "ஜன்னல எவன் தொறந்தான்?"

"பக்கத்து சீட்டு. வன்னாஸ்."

"அவனயும் சேத்துக்க."

அப்போது டக்கென்று ஒரு சத்தம். "கதவு தொறந்துருச்சு! இரு, நல்லா நாலு வார்த்த சொல்றேன் ஒன்னப் பத்தி." அவள் தடுப்பதற்குள் வைத்துவிட்டார். அடுத்து கம்பெனியின் தானியங்கிக் குரல் அவரைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்கும். அவர் பேசுவது நேராகப் பாரிஸ் தலைமை அலுவலகத்துக்குப் போகும்.

துர்ஸாஃப் ஹெட்செட்டைக் கழற்றினாள். "போச்சு" என்றாள்.

மூன்று நாள் கழித்து எங்கள் மேற்பார்வையாளர் லஸ்அத் என் பின்னால் வந்து நின்றார். "பாரிஸ்லேருந்து ஒரு பதிவு வந்திருக்கு. அவங்களுக்குப் புரியலயாம். வெளிமொழிப் பிரிவுக்கு அனுப்பியிருக்காங்க."

வெளிமொழிப் பிரிவு என்பது காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. அதில் ஒரே ஒரு ஆள், அதுவும் பகுதி நேரம். அந்த ஆள் நான்தான்.

பதிவைப் போட்டேன். கமாயிஸ் பிரெஞ்சை மறந்து, சந்தோஷத்தில் முழுக்க முழுக்க எங்கள் ஊர் அரபியில் கொட்டியிருந்தார். "துனிஸ்ல துர்ஸாஃப்னு ஒரு புள்ள இருக்கா. தங்கமான புள்ள. பாங்க நாப்பது நிமிஷம் முன்னாடியே விட்டுட்டா, ஆனா கதவத் தொறந்துட்டா. அவள வேலய விட்டு எடுத்தீங்கன்னா நான் அந்த ஃபேக்டரி வாசல்லயே வந்து உக்காருவேன். அது போலந்துல இருந்தாலும் பரவால்ல."

நான் திரும்பவில்லை. லஸ்அத் என் முதுகுக்குப் பின்னால் மூச்சுவிடுவது கேட்டது.

"முழுசாவா எழுதப் போற?" என்றார்.

"நீங்க சொல்லுங்க."

போனில் லஸ்அத்தின் பெயர் லொரான். பதினோரு வருஷமாக லொரான். கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார்.

"வானிலையப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

நான் எழுதினேன்: "வாடிக்கையாளர் மிகவும் திருப்தி. கிளேர் பொறுமையாகப் பேசினார். கதவு திறந்தது. நாந்தில் மழை."

லஸ்அத் படித்துப் பார்த்தார். "'மிகவும்'னு போட்டா சந்தேகப்படுவானுங்க" என்று அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிட்டு அனுப்பினார்.

பெருநாளுக்கு மறுவாரம் துர்ஸாஃபுக்குக் காலை ஷிப்ட் வந்தது. அதே வாரம் வியாழக்கிழமை நாங்கள் மூன்று பேரும் நோன்பு பிடித்தோம். சாயங்காலம் என்னையும் அவள் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து தனியாகத் தங்கியிருக்கிற நான், துனிஸில் ஒரு வீட்டு மேஜையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நடுவில் சுருங்கிக் காய்ந்த பேரீச்சம்பழங்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. ஸீரின் எண்ணிக் காட்டினாள், முப்பது. தட்டில் சாய்த்து வைத்த போனில் கமாயிஸ், பெருநாள் ஜிப்பாவோடு தெரிந்தார்.

வெளியே பள்ளிவாசலில் ஒலிபெருக்கி கரகரத்தது. ஸீரின் அம்மாவின் வாய்க்கு நேராக ஒரு பழத்தை நீட்டினாள்.

போனிலிருந்து ஒரே கத்தல். "டேய் வன்னாஸ்! எனக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்குடா! மொதல்ல அந்த ஜன்னலச் சாத்து!"

எழுந்து போய்ச் சாத்தினேன்.