ஆயில் குப்பி

ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் ஆயில் மூடியைத் திருகி எடுத்துவிட்டு, அந்த வாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார் கமருஸ்ஸமான். விரல் இடுக்குகளில் புகை குப்குப்பென்று பிதுங்கிக்கொண்டு வந்தது. கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மூடியைப் போட்டு இறுக்கிவிட்டு, இன்ஜினை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். கலியமூர்த்தி சாவியைத் திருப்பினார். நெல்லித்தோப்பில் கமருஸ்ஸமான் பாயின் அந்த மெக்கானிக் ஷெட்டுக்குள் எந்நேரமும் ஏதாவது ஒரு வண்டி கத்திக்கொண்டே இருக்கும். அன்றைக்கென்று பார்த்து வேறு வண்டி எதுவும் இல்லை.

“பேக் கம்ப்ரஷன் அடிக்குது,” என்றார் பாய்.

கலியமூர்த்திக்குத் தெரியாத விஷயம் இல்லை அது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் ரோட்டில் போகும்போது, தன் பிக்கப் வண்டியின் பின்னால் நீலப்புகை கோடு போடுவதைப் பொங்கலிலிருந்தே கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சரியாகப் பிடிக்கவில்லை என்றால், மேலே வெடிக்கிற புகை கீழே ஆயில் இருக்கும் இடத்துக்கு இறங்கிவிடும். அங்கே இருக்க இடமில்லாமல், ஆயிலையும் கிளப்பிக்கொண்டு மூச்சுக் குழாய் வழியாக வெளியேறும். அதை இன்ஜினே திரும்பக் குடித்துப் புகையாகக் கக்கும். கிழட்டு வண்டிக்கு இதெல்லாம் மூட்டுவலி மாதிரி, வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இந்த இன்ஜினைப் பிரித்து, புது பிஸ்டன், புது ரிங் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போட்டவன் வெற்றிவேல், கலியமூர்த்தியின் ஒரே மகன்.

ஐடிஐ முடித்துவிட்டு பாய் ஷெட்டில்தான் வேலை பார்த்தான். போன வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில், அப்பா வண்டிக்கு ஓட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, “இத நான் தனியா பண்றேன் பாய், யாரும் கை வெக்கக் கூடாது” என்று கேட்டு வாங்கிச் செய்தான். அவன் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒண்டியாகச் செய்த முதல் இன்ஜின் அது. கடைசி இன்ஜினும் அதுவே என்று ஆகிப்போனது. ஐப்பசி மழையில் மஞ்சள் காமாலை வந்தது. பத்தியம் வைத்தார்கள், பச்சிலை கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எதற்கும் கேட்கவில்லை. கார்த்திகை பிறக்கும்போது வீட்டில் அவன் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது.

“தொறந்துதான் பாக்கணும் கலியமூர்த்தி.”

“வேணாம் பாய்.”

“ரிங்குதான் போல இருக்குது. இல்லன்னா...”

“தொறக்க வேணாம்னு சொல்றேன் இல்ல.”

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பாய் கையை வேஸ்ட் துணியில் துடைத்தார். கலியமூர்த்திக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. இதை எப்படி வாயைத் திறந்து சொல்வது? ரிங் மாட்டிக்கொண்டிருந்த அன்று அவரும் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வெற்றி ஒரு ரிங்கை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, “இந்தா பாருப்பா, இதுல பொட்டு மாதிரி ஒரு புள்ளி இருக்குது பாரு. இது மேல பாக்கணும். தலைகீழா போட்டுட்டா ஆயில கீழ வழிக்காது, மேல ஏத்திடும். மொத்த வேலையும் வீண்” என்றான். அப்போது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து இவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. இப்போது அதே வண்டி ஆயிலை மேலே ஏற்றுகிறது. திறந்தால் தெரிந்துவிடும். புள்ளி கீழே பார்த்துக்கொண்டிருந்தால், பிள்ளைக்கு வேலை தெரியாது என்று ஆகிவிடும். ‘வெற்றி கை மாதிரி சுத்தமான கை இந்த ஷெட்டுல இல்ல’ என்று சாவு வீட்டில் பாய் எல்லார் காதிலும் விழும்படி சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவர் இத்தனை மாதம் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார். அதுவும் போய்விட்டால் அவரிடம் என்ன மிச்சம்?

சொல்லாததும் பாய்க்குப் புரிந்துவிட்டது. அந்த வார்த்தையைச் சொன்னவர் அவர். அதைக் காப்பாற்ற வேண்டிய பாரம் அவருக்கும் இருந்தது. “அப்ப ஒண்ணு பண்ணலாம்” என்றார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவரின் ஜீப் வேலைக்கு வந்தபோது அதில் பாய் பார்த்திருக்கிறார். மூச்சுக் குழாய்க்கு நடுவில் ஒரு குப்பி. புகையோடு வருகிற ஆயில் அதற்குள் தங்கிவிடும், காற்று மட்டும் இன்ஜினுக்குத் திரும்பப் போகும். கேட்ச் கேன் என்றாராம் அந்த சொல்தா. நோய் தீராது, ஆனால் புகை அடங்கும். கொஞ்ச காலம் ஓட்டலாம்.

“கொஞ்ச காலம்னா?”

“ஓடற வரைக்கும்.”

மூலையில் கிடந்த பழைய தீயணைப்பு சிலிண்டர், கைக்கு அடக்கமான சிறியது, அதை எடுத்தார் பாய். கழுத்தை அறுத்து, பக்கத்தில் ஒரு குழாயும் தலையில் ஒரு குழாயுமாக வெல்டிங் வைத்து, அடியில் ஒரு சின்னத் திருகுக் குழாய் பொருத்தினார். உள்ளே அடைப்பதற்குக் கம்பி நார் வேண்டும் என்றார். கலியமூர்த்தி சாரம் பகுதியில் இருக்கும் வீட்டுக்குப் போய், பாத்திரம் தேய்க்கிற இடத்தில் துழாவினார்.

“வண்டிக்கு எதுக்குங்க இது?” என்றாள் மனைவி அஞ்சலாட்சி.

“அதுக்கு வயித்துக் கோளாறு. வயித்துல வெச்சி அடைக்கணும்.”

அவள் சிரிக்கவில்லை. மாடத்திலிருந்து பிரிக்காத புது நார் இரண்டையும் எடுத்துக் கொடுத்தாள். வெற்றி வேலை செய்த இன்ஜினுக்கு என்றால் வீட்டில் உள்ள பாத்திரத்தையே கேட்டாலும் கொடுத்திருப்பாள்.

பானட்டின் உள்பக்கம், பேட்டரிக்கு அடுத்தாற்போல் இரண்டு பட்டை வைத்துக் குப்பியை நிறுத்தி போல்ட் போட்டார் பாய். இன்ஜினின் மேல் மூடியான டேப்பெட் கவரிலிருந்து வரும் மூச்சுக் குழாயைக் கழற்றிக் குப்பியின் பக்கவாட்டில் செருகினார். தலையிலிருந்து புதுக் குழாய் ஒன்றை ஏர் ஃபில்டர் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார். எங்கும் மடங்காமல், தொங்காமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக் கிளிப்பை முடுக்கினார். இன்ஜின் பக்கம் ஒரு நட்டைக்கூட அவர் தொடவில்லை. ஸ்டார்ட் செய்தபோது புகை குறைந்திருந்தது. கலியமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதுல புடிக்கறது ஆயிலு மட்டும் இல்ல, தண்ணியும் கரியும் சேந்த கழிசடை. வாரத்துக்கு ஒருவாட்டி தொறந்து வெளிய ஊத்திடு. மிச்சம் புடிக்கறேன்னு திரும்ப இன்ஜின்ல ஊத்தித் தொலைக்காத,” என்றார் பாய். “ஆயிலு மாத்தி நாளாச்சில்ல? மாத்திடு.”

“மாத்திடறேன் பாய்.”

மாற்றவில்லை. அந்த ஆயில் வெற்றி ஊற்றியது. புனலை வைத்து, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றி, குச்சியை விட்டு அளவு பார்த்து, “போதும்பா, கரெக்டா இருக்குது” என்று சொன்ன ஆயில். மாற்ற வேண்டிய கெடு எப்போதோ தாண்டிவிட்டது. பாய் மறுபடி கேட்டபோது விழுப்புரத்தில் மாற்றிவிட்டதாகப் பொய் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், பாயின் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துச் சொன்னார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை குப்பியின் குழாயைத் திறந்து, அறுத்த தண்ணீர் பாட்டிலில் பிடித்தார். டீக்கடைக் கிளாஸில் மிஞ்சிப்போன ஆறின டீயின் நிறத்தில் கெட்டியாக இறங்கியது. சாக்கடைப் பக்கம் கொண்டுபோனார். கையைச் சாய்க்கப் போனவருக்கு மனசு வரவில்லை. நாற்றமடித்தாலும் அவன் ஊற்றியதுதானே. அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வந்து, ஆயில் மூடியைத் திறந்து, புனலை வைத்து மெதுவாக உள்ளே ஊற்றினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதுவே வழக்கமானது. குப்பியும் வாரத்துக்கு வாரம் கூடுதலாகத்தான் நிறைந்தது.

வாசல் பெருக்க வந்த அஞ்சலாட்சி ஒருநாள் பார்த்துவிட்டாள்.

“பாய் கீழ ஊத்தச் சொன்னாருன்னு சொன்னீங்களே?”

“நல்ல ஆயிலு. எதுக்கு வீண் பண்ணணும்?”

“இதுவா நல்ல ஆயிலு?” துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “ஏங்க, பேசாம இன்ஜின தொறக்கச் சொல்லுங்க.”

“ஒனக்கு இன்னா தெரியும் இதப் பத்தி?”

“ஒண்ணும் தெரியாது. அவன் துணியெல்லாம் குடுத்துட்டோம். பைக்க வித்துட்டீங்க. அவன் கைபட்டதுன்னு பாக்க இன்னா இருக்குது எனக்கு? உள்ள இன்னா பண்ணி வெச்சிருக்கான்னு ஒருவாட்டி பாத்துடறேன்.”

அவர் மூடியைப் போட்டு அழுத்தித் திருகினார். அவளுக்குப் பார்க்க வேண்டும், அவருக்குப் பார்க்கவே கூடாது. புள்ளி விஷயத்தை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பயம் அவளுக்கும் தொற்றிக்கொள்ளும். ஒருத்தர் தூங்காமல் கிடப்பது போதாதா என்று இருந்துவிட்டார்.

இந்த வருஷத் தடைக்காலம் தொடங்குவதற்குச் சில நாள் இருந்தது. சங்கரா மீன் லோடோடு முருங்கப்பாக்கம் தாண்டும்போது இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் வந்தது. ஓரங்கட்டுவதற்குள் நின்றுவிட்டது. மீன் பெட்டிகளை வேறு டெம்போவில் மாற்றிவிட்டு, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார்.

பாய் அடியில் படுத்து, ஆயில் இறக்கும் ட்ரெயின் நட்டைக் கழற்றினார். தட்டில் இறங்கியதை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பேரிங் அரைபட்ட தூள் மினுமினுத்தது. வெளியே வந்து எழுந்து நின்றார்.

“குப்பியில இருந்தத ஊத்துனியா?”

“ஊத்துனேன்.”

“ஆயிலும் மாத்தல.”

“இல்ல பாய்.” கலியமூர்த்தியின் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. பல நாளாகத் தேடிக்கொண்டிருந்தது கையில் அகப்பட்டவரைப் போலப் படபடவென்று பேசினார். “எல்லாம் என்னாலதான். பேரிங் போனது, ரிங்கு போனது, எல்லாத்துக்கும் நான்தான் காரணம். அவன் வேலையில ஒரு கொறையும் இல்ல. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லிடுங்க பாய். கெழவன் கெடுத்துட்டான்னு சொல்லுங்க.”

குப்பி வைப்பதற்கு முன்பே புகை வந்ததை இருவரும் அறிவார்கள். பாய் அதைச் சொல்லவில்லை. “சரி, அப்படியே சொல்றேன்” என்றார். பிறகு தணிந்த குரலில், “ஆனா இப்ப தொறக்காம முடியாது” என்றார்.

மறுநாள் பாயே வேலையில் இறங்கினார். கூட வேலை செய்கிறவர்களை வேறு வண்டிக்கு அனுப்பிவிட்டார். ஹெட்டைத் தூக்கினார். அடியிலிருந்து போல்ட்டுகளைக் கழற்றி, பிஸ்டன்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளி எடுத்து, சாக்கின் மேல் வரிசையாக வைத்தார். எல்லாம் கரி பிடித்து ஒரே கறுப்பாக இருந்தன. எந்த மெக்கானிக்கும் முதலில் ரிங்கைத்தான் பார்ப்பான். பாய் ஒன்றைக்கூட உற்றுப் பார்க்கவில்லை. கடைசிப் பிஸ்டனையும் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு காலி டின்னைக் காலால் நகர்த்தி வைத்தார்.

“நான் கை கழுவிட்டு, தொழுதுட்டு வரேன். பாக்கணும்னா பாரு. வேணாம்னா ரிங்குங்கள ஒடச்சி இதுல போட்டுடு. ஒரு தட்டு தட்டினா ஒடஞ்சிடும். நான் வந்து கேக்க மாட்டேன்,” என்றார்.

பாய் போய்விட்டார். கலியமூர்த்தி ஒரு பிஸ்டனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கரிக்கு அடியில் ரிங்குகள் வெறும் மேடாகத் தெரிந்தன. புள்ளி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று சொல்ல முடியாது. பக்கத்திலேயே சுத்தியல் கிடந்தது. எடுத்தார், வைத்தார். உடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போகும், தனக்கும்தான். தெரியாமலே இருந்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அவன் வேலை சரியாகவே இருந்திருந்தால்? அதையும் சேர்த்தல்லவா உடைத்துப் போடுகிறோம் என்று நினைத்தபோது கை மறுபடி சுத்தியலுக்குப் போகவில்லை.

ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அஞ்சலாட்சி சாப்பாட்டுக் கூடையோடு இறங்கினாள். சாக்கின் மேல் இருந்ததைப் பார்த்ததும் கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இதுவா அவன் மாட்டினது?”

தலையை ஆட்டினார். அவர் மடியிலிருந்து பிஸ்டனை இரண்டு கையாலும் தூக்கித் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள். “இம்மாங் கனமா இருக்குது,” என்றாள். சுற்றிலும் தடவிப் பார்த்தாள். கையெல்லாம் கரியானது.

“எப்படி அழுக்கேறிப் போயிருக்குது பாருங்க.”

பக்கத்தில் சாமான் கழுவுவதற்கு ஊற்றி வைத்திருந்த டீசல் தட்டு இருந்தது. முந்தானையின் நுனியை அதில் நனைத்தாள்.

“பொடவ வீணாப்போவும்,” என்றார் கலியமூர்த்தி. சொல்ல வேண்டியது வேறு ஒன்று.

“போவட்டும்.”

அவள் மேல்பக்கத்திலிருந்து துடைக்கத் தொடங்கினாள். ஊறின கரி குழைந்து வழிந்தது. முதல் ரிங்கின் ஓரத்தில் இரும்பு வெள்ளையாக ஒரு கோடு போலத் தெரிந்தது. கட்டை விரலைத் துணிக்குள் வைத்து, அவசரமில்லாமல், பிஸ்டனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி அவள் துடைத்துக்கொண்டே வந்தாள். கலியமூர்த்தி டின்னைத் தள்ளிவிட்டு அவள் தோளோடு ஒட்டி நகர்ந்து, அந்த விரல் போகும் இடத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.