கழுவி வைத்த ஜாடி

ஜாடியின் வாயில் கட்டியிருந்த கம்பி வலையை அவிழ்த்தேன். உள்ளே சுத்தமான வெள்ளையில் ஒரு படி அஸ்கா சர்க்கரை இருந்தது. முப்பது நாளாகக் கூரை ஓரத்தில் இரும்பு முக்காலிமேல் நின்று, சூளைப்புகையோடு வந்து விழுகிற தூசியைத் தண்ணீரில் பிடித்து வைத்திருக்க வேண்டிய ஜாடி அது. தூசியைக் காணோம், தண்ணீரையும் காணோம். ஜாடியின் கண்ணாடி மட்டும் நான் கடையில் வாங்கிய அன்றைக்குக்கூட அப்படிப் பளபளத்ததில்லை.

"நேத்தே சாம்பல் போட்டுத் தேச்சுக் கழுவி, வெயில்ல காய வெச்சுட்டேனுங்க அம்மிணி" என்றாள் கந்தம்மாள். "உள்ளார ஒரே சகதி. நீங்க வந்து எடுக்கறப்ப அப்படியே குடுத்தா நல்லாவா இருக்கும்? வெறும் போசியவும் குடுக்கக் கூடாதில்லீங்க."

எனக்கு வந்த கோபத்தில் பாதி அவள் மேல், மீதி என் மேல். அவள் மேல் வந்த பாதி சீக்கிரமே போய்விட்டது. என் அம்மா மோர் வாங்கிய பாத்திரத்தில்கூட நாலு மிளகாயாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பாள். புதுச்சத்திரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? ஜாடியை யாரும் தொடக்கூடாது, விழுகிறது விழட்டும் என்று போன மாதம் வந்து சொன்னேன்தான். யாரிடம் சொன்னேன்? கட்டிலில் உட்கார்ந்திருந்த கந்தம்மாளின் புருஷன் மயில்சாமி அண்ணனிடமும் அவர் வயதுக்காரர்கள் நாலைந்து பேரிடமும். வீட்டில் ஒரு பாத்திரம் அழுக்காக இருந்தால் அது யார் கண்ணில் படும் என்று எனக்குத் தோன்றவில்லை. எம்.எஸ்ஸி. படித்து, கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவளின் புத்தி அவ்வளவுதான்.

டீச்சர் ஜாடி எடுக்க வருகிறாள் என்று பால்காரரிடம் கந்தம்மாள் மற்ற ஐந்து வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாள். எல்லா ஜாடியும் கழுவித் தயாராக இருந்தன. ஒன்றில் கடலைக்காய், ஒன்றில் அவரைக்கொட்டை, ஒன்றில் துவரை, ஒன்றில் கம்பு, ஒன்றில் புளி. கரட்டுப்பாளையத்திலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் சாக்குப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. தள்ளியிருந்த ஐந்து வீட்டிலும் அவரவர் காட்டில் விளைந்ததைப் போட்டிருந்தார்கள். சூளைக்கு முக்கால் பர்லாங்கில் இருந்த கந்தம்மாள் மட்டும் கடையில் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருந்தாள். அவள் காட்டில் போடுவதற்கு ஒன்றும் இல்லை.

அது 1984, பங்குனி பிறக்கப்போகிற சமயம். வெள்ளைக்கல் என்கிற மேக்னசைட்டை வேகவைக்கும் சூளை ஒன்று அங்கே ஏழு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் முதலாளி சென்னியப்பன் இரண்டாவது சூளையும் கட்டி முடித்துவிட்டார். பற்றவைக்க அனுமதி கொடுக்கக் கூடாதென்று ஊர்க்காரர்கள் ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்திருந்தார்கள். மூன்று நாளில் விசாரணை. அதில் ஊர்த்தரப்புக்கு இருந்த ஒரே சாட்சி என் ஆறு ஜாடிதான். அந்தத் தூசி மழையில் நனைந்தால் மண்மேல் காறை போட்டதுபோல இறுகிவிடும், விதை முளைத்து வெளியே வராது. பூவில் படிந்தால் தேனீ அண்டாது. கந்தம்மாள் வீட்டுச் சுரைக்கொடி வருஷத்துக்கு நூறு பூ பூத்தும் ஒரு பிஞ்சுகூடப் பிடித்ததில்லை. மண்ணும் மரமும் தேனீயும் மனிதனுக்குச் சம்பளம் வாங்காமல் பார்க்கிற வேலைக்கு ஒரு மதிப்பு உண்டு, அந்த வேலை நின்றுபோனால் என்ன நஷ்டம் என்று கணக்கிட முடியும் என்பதுதான் என் ஆராய்ச்சி. கல்லூரியில் பலருக்கு அது சிரிப்பாக இருந்தது.

என் வழிகாட்டி வெள்ளியங்கிரி சார் சிரிக்கவில்லை. ஆறு ஜாடியும் கழுவப்பட்ட கதையைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப்போடாதேம்மா சௌந்திரம். வடக்க இந்த மாதிரி சூளை பத்தி வந்த கட்டுரை இருக்குதில்ல, அதுல இருக்கற எண்ணக் கொஞ்சம் கூட்டிக் கொறச்சுப் போட்டுக்க. எவன் வந்து எண்ணிப் பாக்கப் போறான்?"

"நான் எண்ணியிருக்கேனான்னு எனக்குத் தெரியுமே சார்."

"நல்ல காரியத்துக்குத்தானே?"

நல்ல காரியம்தான். ஆனால் பொய் எண்ணைக் காட்டி நான் ஒரு சூளையை நிறுத்தினால், அதே மாதிரி எண்ணைக் காட்டி நாளைக்கு இன்னொருத்தன் பத்துச் சூளை வைப்பான். முடியாது என்றேன். அப்படியென்றால் விசாரணையில் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்றார் அவர். அதற்கு மட்டும் சரி என்றேன்.

விசாரணையில் ஆறு ஜாடியையும் அப்படியே கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். சென்னியப்பனின் வக்கீல் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து, "தூசி எங்கீங்க டீச்சர்? இதுல கடலைக்காயில்ல இருக்குது?" என்றதும் அறை முழுக்கச் சிரிப்பு. நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஐந்து ஜாடியில் விளைந்தது இருக்கிறது, ஒன்றில் வாங்கியது இருக்கிறது, அதையும் சொன்னேன்.

ஆர்.டி.ஓ. சிரிக்கவில்லை. "இது சாட்சியாகுமா?" என்று கேட்டார்.

"ஆகாதுங்க. இன்னொரு மாசம் குடுங்க, ஆகறதைக் கொண்டாரேன்."

"ஒரு மாசமெல்லாம் முடியாது. பதினஞ்சு நாள் கழிச்சு நானே நேர்ல வந்து பாக்கறேன். அதுவரைக்கும் ரெண்டாவது சூளை பத்தவைக்க வேண்டாம்."

சென்னியப்பன் எழுந்து கும்பிட்டார். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "எந்த ஊருங்க அம்மிணிக்கு?" என்று மரியாதையாகவே கேட்டார். சொன்னேன். "நம்ம பக்கந்தான்" என்று சிரித்தார். பதினைந்தாம் நாள் சூளை அணைந்திருக்கும், தண்ணீர் லாரி வந்து ரோட்டைக் கழுவியிருக்கும் என்று அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலமே கந்தம்மாள் வீட்டுக்குப் போய், இந்த முறை அவளிடம் சொன்னேன். ஜாடி எதற்கு, சகதி எதற்கு, பதினைந்தாம் நாள் ஆர்.டி.ஓ. வரப்போவது, எல்லாம்.

"அப்ப என்னாலதான் கெட்டுதுங்களா?"

"என்னாலதாங்க அக்கா. உங்ககிட்டச் சொல்லாம உட்டது நானு."

அவள் திரும்பி, வாசலில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளை அண்டாவைப் பார்த்தாள். அவள் கல்யாணச் சீர் அது. ஏழு வருஷமாக நாளுக்கு இரண்டு தரம் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துத்தான் அது அந்த நிறத்தில் இருந்தது.

"உங்க ஜாடியத்தான் நம்பமாட்டேங்கறாங்களே. எங்க ஊட்டுதை வெக்கறோம்" என்றாள். "இன்னிலயிருந்து வெளிய கெடக்கற எதையும் கழுவறதில்ல, தொடைக்கறதில்ல."

நானும் என் ஆறு ஜாடியை மறுபடி தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஆனால் ஊரில் நடந்ததற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. தெருவில் முப்பத்தொரு வீடு. முப்பத்தொரு வாசலிலும் அண்டா, குடம், அம்மிக்கல், சைக்கிள் என்று எதையெல்லாம் வெளியே வைக்க முடியுமோ அதையெல்லாம் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். கை சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தப் பதினைந்து நாளில் பார்த்தேன். காளியாத்தாள் என்கிற கிழவி பொறுக்கமாட்டாமல் விடியற்காலையில் துணியோடு கிளம்பிவிடுவாளாம், மருமகள்தான் பிடித்து உட்கார வைப்பாளாம். ஒன்பதாம் நாள் கந்தம்மாளின் மகள் வசந்தாமணியைப் பெண் பார்க்க வெண்ணந்தூரிலிருந்து வந்தார்கள். வந்தவர்கள் வாசலைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள். மயில்சாமி அண்ணன் இரண்டு நாள் பெண்டாட்டியோடு பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அட, உடுங்க அம்மிணி. தூசியப் பாத்து ஓடறவன், மாமியார் ஊடுன்னு இங்க எத்தன தரம் வந்துருவான்?" என்றாள் கந்தம்மாள். சொன்னவள் கண் கலங்கித்தான் இருந்தது.

பதினைந்தாம் நாள் நான் நினைத்தபடியே சூளையில் புகை இல்லை. மூன்று நாள் முன்பே அணைத்துவிட்டார்கள். ரோடு ஈரமாக இருந்தது. வானம் அப்படி ஒரு நீலமாக இருந்ததை ஏழு வருஷத்தில் பார்த்ததில்லை என்று ஊரே சொன்னது. ஜீப்பிலிருந்து ஆர்.டி.ஓ. இறங்கினார். கறுப்புப் பேண்ட், அரைக்கைச் சட்டை. பின்னால் காரில் வெள்ளை வேட்டியில் சென்னியப்பன். இறங்கியவர் தெருவைப் பார்த்ததும் அப்படியே நின்றார். ரோட்டுக்குத்தான் அவர் லாரி அனுப்பியிருந்தார், வாசலுக்கு அனுப்பவில்லை.

முப்பத்தொரு அண்டாவில் எதுவும் பித்தளையாகத் தெரியவில்லை. பெண்கள் அவரவர் வாசலில் நின்றார்கள். ஆர்.டி.ஓ. தெருக்கோடி வரை நடந்து திரும்பி, கந்தம்மாள் வீட்டு முன்னால் வந்து நின்றார். பங்குனி வெயிலில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கந்தம்மாள் வேப்பமரத்தடியில் கிடந்த மர நாற்காலியை எடுத்துவந்து போட்டாள். இருக்கையில் விரல் வைத்தால் தடம் பதிகிற அளவுக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது. வந்தவர் உட்காரும் முன்னால் துடைப்பதற்கு அவள் கை தன்னால் முந்தானைக்குப் போனதை நான் பார்த்தேன். அப்புறம் அந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உக்காருங்க சாமி" என்றாள்.

சென்னியப்பன் வேகமாக முன்னால் வந்து, தோளில் இருந்த துண்டை எடுத்து நாற்காலியைத் துடைக்கக் குனிந்தார்.

"கைய எடுங்க" என்றாள் கந்தம்மாள். குரலை உயர்த்தவில்லை. "இது எங்க ஊட்டு நாற்காலிங்க. இத்தன வருசமா நாங்கதான் தொடச்சோம். இன்னிக்கு நீங்க தொடைக்க வேண்டாம்."

துண்டு நாற்காலிக்கு ஒரு சாண் மேலேயே நின்றது. ஆர்.டி.ஓ. அவரையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து, கால் மணி நேரம் எழுதினார். என்ன எழுதுகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. சென்னியப்பன் வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்.

எழுதி முடித்து ஆர்.டி.ஓ. ஜீப்பை நோக்கி நடந்தபோது பேண்டின் பின்பக்கமும் சட்டையின் முதுகும் வெள்ளை வெளேரென்று இருந்தன. தெருவில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. டவாலி அணிந்த சேவகர் பதறிப்போய்த் துணியோடு பின்னால் ஓடினார். ஆர்.டி.ஓ. திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அப்படியே ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.