மரியாதைக் கதிரை

வினாடி வினாப் போட்டியில் யார் எந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்வையாளர்கள் கவனிப்பதில்லை. கவனித்தால் பாதி முடிவு போட்டி தொடங்கும் முன்பே தெரிந்துவிடும்.

யுத்தம் முடிந்த மறுவருடத்திலிருந்து, கற்பிட்டிக் கரையில் உள்ள ஒரு கல்லூரி இந்தப் போட்டியை நடத்தி வருகிறது. வருவது நான்கு அணிகள். தூரத்திலிருந்து வருபவருக்கு முதல் கதிரை, வீட்டுக்காரருக்குக் கடைசிக் கதிரை என்று அந்தக் கல்லூரி ஆசிரியரும் போட்டிக் குழுத் தலைவருமான முத்தலிபு சேர் ஆரம்பத்திலேயே வைத்த வழக்கம் அது. அதன்படி சிலாபம் முதல் மேசை, உடப்பு இரண்டாவது, மதுரங்குளிப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் மூன்றாவது, நடத்தும் கல்லூரி நான்காவது.

ஒவ்வொரு சுற்றிலும் வரிசைப்படி மேசைக்கொரு கேள்வி. ஒரு மேசைக்குப் பதில் தெரியாவிட்டால் கேள்வி அடுத்த மேசைக்கு நகரும். சின்னப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பே இப்போதுதான் தொடங்கியிருந்தது. அவர்கள் விடும் கேள்விகளெல்லாம் நான்காம் மேசையில் விழும். அதற்குப் பதில் சொன்ன கையோடு நான்காம் மேசைக்குத் தன் சொந்தக் கேள்வியும் வரும். ஒரே சுற்றில் இரண்டு வாய்ப்பு. முதல் மேசைக்கோ, கெட்டிக்கார நான்காம் மேசையைத் தாண்டி எதுவும் வந்து சேராது. மரியாதைக்கென்று போட்ட கதிரைதான் மண்டபத்திலேயே மோசமான கதிரை.

கல்லூரிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த கணித ஆசிரியை கமீலாவிடம் போட்டியை நடத்தும் பொறுப்பு வந்தபோது, அவர் கேட்டது ஒரே ஒரு திருத்தம். யார் பதில் சொன்னார்களோ, அவர்களுக்கு அடுத்த மேசையிலிருந்து அடுத்த கேள்வி தொடங்க வேண்டும். அப்படியானால் நகர்ந்து வந்த கேள்விக்குப் பதில் சொல்லும் அணி தன் முறையையும் அதிலேயே முடித்துக்கொள்கிறது. யாரும் எங்கேயும் உட்காரலாம்.

போட்டியன்று காலை, மேடையில் வைத்து அவர் இதைச் சொல்லி முடிக்கவில்லை. முத்தலிபு சேர் பாய்ந்தார்.

“விருந்தாளிக்குக் குடுத்த மரியாதய களவெண்டு செல்ல வந்தீங்களா?”

“களவெண்டு செல்லல்ல சேர். கதிர அப்பிடி வேல செய்யுது.”

“கதிர வேல செய்யுதாம்! அப்ப எங்கட புள்ளைகள் சும்மாவா வெண்டாங்க?”

பின்வரிசையிலிருந்த அவருடைய மாணவர்கள் ஊளையிட்டார்கள்.

உடப்பு அணியின் ஆசிரியை பிரியந்தினி மேடையேறி வந்தார். கமீலாவுக்கு ஆதரவாக அல்ல.

“வருசா வருசம் எங்கட பிள்ளையள் ரெண்டாமிடம். இப்ப வந்து கதிரையால எண்டுறீங்க. முந்தியே ஏன் வாய் திறக்கேல்ல?”

“நான் இந்தப் பள்ளிக்கு வந்தே ஒரு தவணைதான் டீச்சர்.”

“நல்ல வசதியான பதில்.” பிரியந்தினி முத்தலிபு சேர் பக்கம் திரும்பினார். “கடைசிக் கதிரை விருந்தாளிக்கு அவமானம் எண்டுறீங்க, என்ன சேர்? அந்த அவமானத்த எங்களுக்குத் தாங்க. நாங்க பொறுத்துக்கொள்ளுவம்.”

கமீலா குறுக்கிட்டார்.

“அதுவும் பிழதான். மிச்சம் விழுற இடம் மாறும், அவ்வளவுதான்.”

“எங்களுக்கு விழுற நேரம் மட்டும் உங்களுக்கு நியாயம் ஞாபகம் வருது,” என்றார் பிரியந்தினி.

“மிச்சம் எண்டு செல்றது யார?”

சின்னப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஹயாத்து முகம்மதுவின் குரல். மீன் வைத்த மாலு பாணும் பால் கலக்காத பிளேன்டியுமாகக் கீழே நின்றவர், கோப்பையை மேடை விளிம்பில் வைத்தார். அவருக்குப் பின்னால் அவருடைய மூன்று மாணவர்களும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

“எங்கட புள்ளைகள்ட வாய்க்குக் கீழ ஆளுக்கொரு சட்டி புடிச்சிட்டு நிக்கிறீங்க. வெக்கமில்லையா? வேனத் திருப்பச் செல்றன். மூணு அணிய வெச்சி நடத்துங்க.”

நான்கு அணிகள் இல்லாத போட்டியில் வென்றவரைக் கொழும்பு இறுதிச் சுற்றில் சேர்க்கமாட்டார்கள். அது அங்கே எல்லோருக்கும் தெரியும். முத்தலிபு சேர் அவருடைய கையைப் பிடிக்கப் போனார். ஹயாத்து முகம்மது கையை உதறினார்.

“டீச்சர்ட விதிண்டா இருக்கோம். இல்லாட்டி போறோம்.” பிறகு கமீலாவைப் பார்த்தார். “ஒங்களுக்காக இல்ல. நீங்களும் எங்கட புள்ளைகள மக்கெண்டு காட்டித்தான் பாடம் நடத்தினீங்க.”

கமீலாவின் முகம் சுருங்கியது. ஹயாத்து முகம்மது சொன்னது உண்மை; ‘மிச்சம்’ என்று சொன்னது தான்தானே.

“நடத்துங்க,” என்றார் முத்தலிபு சேர். “பிழையாப் போனா இதான் நீங்க நடத்துற கடைசிப் போட்டி.”

“சரி சேர்.”

மணி அடித்தது. சின்னப் பள்ளிக்கூடம் விட்ட கேள்விகளுக்கு நான்காம் மேசை முன்போலவே பதில் சொன்னது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அடுத்த கேள்வி சிலாபத்துக்குப் போனது. சிலாபத்து அணித் தலைவி மயூரதி அவசரப்படாமல், ஒன்றையும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டே போனாள். இத்தனை வருடமும் அந்த மேசையை ஒருவரும் கணக்கில் எடுத்ததில்லை. கடைசிச் சுற்றில் நான்காம் மேசையைச் சிலாபம் முந்தியபோது மண்டபத்தில் ஒரே கூச்சல்.

உடப்பு மூன்றாமிடத்துக்கு இறங்கியிருந்தது. முத்தலிபு சேரும் பிரியந்தினியும் சேர்ந்தே வந்தார்கள். அவர்கள் ஒன்றாக நின்றதை அன்றுதான் பார்க்க முடிந்தது.

“பழைய விதிப்படி ஒருக்கா புள்ளிய கூட்டிப் பாருங்க,” என்றார் முத்தலிபு சேர்.

“ஓம், கூட்டுங்க. அப்ப தெரியும்,” என்றார் பிரியந்தினி.

“கூட்ட ஏலாது,” என்றார் கமீலா. “பழைய விதியில இதே கேள்விகள் வேற மேசைகளுக்குப் போயிருக்கும். அவங்க என்ன பதில் செல்லியிருப்பாங்க எண்டு யாருக்குத் தெரியும்? நடக்காத போட்டிக்குப் புள்ளி இல்ல.”

முத்தலிபு சேர் கையை நீட்டினார். “மைக்க இங்க தாங்க.”

கமீலா கொடுக்கவில்லை. வென்றது சிலாபம் என்று அதிலேயே அறிவித்தார். கைதட்டல் மூன்றாம் மேசையிலிருந்து மட்டும் வந்தது.

“நாளைக்கே வேற ஆளப் போடுறன்,” என்றார் முத்தலிபு சேர்.

“போடுங்க சேர். கிண்ணத்த இப்ப குடுங்க. தலைவர் நீங்கதானே.”

மயூரதி மேடைக்கு வந்து நின்றாள். அவளுடைய முகத்தைப் பார்க்காமலேயே முத்தலிபு சேர் கிண்ணத்தை நீட்டினார்.