அடியும் அருள்தான்

ஸ்ரௌவ்வில் நகரில், சிவபாதத்தின் வீட்டு நிலத்தடி பேஸ்மென்ற்றில் பதினான்கு பேர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள். சனிக்கிழமை காலை பத்து மணி. மூன்று நாள் மௌனத்தில் அது இரண்டாம் நாள். சுவரில் ஒரு சிலுவை, ஒரு வேல், ஒரு பிறை. மூச்சை இழுக்கும்போது யேசு, விடும்போது சிவன், இடையில் நிற்கும் மூச்சில் பெயரில்லாத ஒன்று. அவர்களுக்குக் குருவான நவரட்ணம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

பிறம்ரன் நகரில் லொறிகளை அனுப்புகிற வேலை அவருக்கு. இங்கே கையில் பிரம்பு. மனம் அலைகிறவரின் தோளில் பின்னாலிருந்து ஒன்று வைப்பார். அடியும் அருள்தான் என்பார். அடி விழுந்தால் கைகூப்ப வேண்டும். யாருக்கு விழுந்தாலும் மற்றவர்கள் கண் திறக்கக் கூடாது. சிலர் அடிபட்டதும் வாய்விட்டு அழுவார்கள். போன மாதம் அமிர்தநாதர், "என்னைக் கொல்லுறாங்கள், காப்பாத்துங்கோ" என்று கால் மணி நேரம் அலறினார். பிறகு சிரித்தார். மனிசனுக்குள் இருந்த 'நான்' உடைந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோசம்.

கரோலின் மூன்று வருடமாக அங்கே வருகிறவள். இந்த முறை அமைதிக்காக மட்டும் வரவில்லை. ஒன்பது நாளுக்கு முன் விட்பி வீட்டை விட்டு வெளிக்கிட்டிருந்தாள். விட்டுப்போனால் கொல்லுவேன் என்று புருசன் றொய்சன் சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்கிறவன். அதை அவள் இங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. ஊர், சமயம், வீட்டுக்கதை எல்லாவற்றையும் சப்பாத்தோடு வாசலில் கழற்றிவிட்டு வரவேண்டும் என்பது அங்கே சட்டம்.

நவரட்ணத்தின் போன் அடித்தது. மௌனத்திலும் போனை நிறுத்தாத ஒரே ஆள் அவர்தான். பிரம்பைச் சுவரில் சாத்திவிட்டுப் படியேறிப் போனார். மேலே, "எந்த எக்சிற்றிலயப்பா நிக்கிறாய்?" என்று அவர் ஒரு லொறிக்காரனைக் கேட்கும் குரல் வந்தது.

பக்கக் கதவு திறந்தது. பிந்தி வருகிறவர்களுக்காகப் பூட்டாமல் விட்ட கதவு. குளிர் வந்து கழுத்தில் பட்டது.

தோளில் அடி விழுந்தது. கரோலின் கைகூப்பினாள்.

அடுத்தது காதில் விழுந்தது.

"எழும்படி," என்றான் றொய்சன், காதுக்குள்.

கண்ணைத் திறப்பதற்குள் தலைமயிரைப் பிடித்து இழுத்துவிட்டான். முகம் தரையில் மோதியது. முன்பல் ஒன்று நாக்கில் கழன்று வந்தது. பனி ஒட்டிய சப்பாத்து விலாவில் இரண்டு தரம் இறங்கியது.

"காப்பாத்துங்கோ," என்று கத்தினாள். "கொல்லுறான்."

பக்கத்தில் இருந்த துர்க்கா அன்ரியின் உதட்டில் மெல்லிய சிரிப்பு வந்தது. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பதின்மூன்று பேரும் மூச்சை இழுத்தார்கள். விட்டார்கள்.

றொய்சன் கையை ஓங்கியபடி ஒரு கணம் நின்றான். ஒரு முகமும் அசையவில்லை. பிறகு அவனுக்கு விசயம் விளங்கியது.

"நல்ல சனமடி," என்றான். "ஆசை தீரக் கத்து."

பிரம்பை அவள் கழுத்துக்குக் குறுக்கே வைத்து, முழங்காலை முதுகில் ஊன்றி இழுத்தான். கண்ணுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. கத்தக்கூடிய எல்லாவற்றையும் அமிர்தநாதர் ஏற்கெனவே கத்திவிட்டார். கரோலின் பிரம்புக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து ஒரு மூச்சுக்கு இடம் பிடித்தாள். அழாமல், கடையில் விலை கேட்கிற குரலில் சொன்னாள்.

"சிவபாதம் அண்ணை, ரோட்டில நிக்கிற உங்கட புது வானை ஆரோ இடிச்சுப்போட்டு ஓடுறான்."

சிவபாதம் கண்ணைத் திறந்தார்.

"எந்தப் பக்கம்?"

பிறகுதான் கண்டார்.

அவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் கண் விழித்தார்கள். சிவபாதம் பாய்ந்து றொய்சனின் கழுத்தைப் பிடித்தார். பின்னால் இருந்த சுலக்சன் காலை வாரினான். விழுந்தவனை அவர்கள் விடவில்லை. வருடக்கணக்காக அடி வாங்கியவர்கள் அடித்தார்கள். சிவபாதம் சுவரோரம் இருந்த பித்தளை விளக்கை எடுத்து முகத்தில் குத்தினார். துர்க்கா அன்ரி குதிக்காலால் அவன் விரல்களை மிதித்தார். கையெலும்பு முறிந்த சத்தம் கேட்டது. "காணும், விடுங்கோ" என்று கரோலின் நாலு தரம் சொல்லவேண்டியிருந்தது.

நவரட்ணம் போனோடு இறங்கி வந்து படியில் நின்றார்.

"பொலிசுக்குப் போன் அடிக்காதேங்கோ," என்றார். "முதல்ல ஆறுதலா இருந்து கதைப்பம்."

கரோலின் அவர் கையிலிருந்த போனைப் பறித்தாள். லொறிக்காரனின் அழைப்பை வெட்டிவிட்டு அவசர இலக்கம் 911ஐ அழுத்தினாள். விலாசத்தைச் சொன்னாள். ஆம்புலன்ஸ் இரண்டு வேண்டும் என்றாள்.

பிறகு துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு படியில் இருந்தாள். சிவபாதம் வந்து முன்னால் குந்தினார். அவரின் விரல் கணுக்களில் தோல் உரிந்திருந்தது.

"பிள்ளை, ஒண்டு சொல்லுவன். கோவியாதையும்."

அவள் பார்த்தாள்.

"நீர் கத்தேக்கை எனக்கு உள்ளுக்கை ஒரு வெளிச்சம் வந்தது. பதினொரு வருசமாத் தேடினது. சத்தியமா வந்தது." அவர் இன்னும் கிட்டக் குனிந்தார். "அது என்ன பிள்ளை? சொல்லும், அது என்ன?"

மேலே யாரோ கதவைப் பலமாகத் தட்டினார்கள்.

"தள்ளுங்கோ அண்ணை," என்றாள் கரோலின். "கதவு திறக்கவேணும்."