உள்ளே ஓர் ஆள்

என் ராஜாவைத் தம்பி மறுபடியும் கொன்றுவிட்டான். கம்ப்யூட்டர் விளையாட்டுதான், ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இத்தனை காவலாளி இருந்தும் எப்படிடா உள்ள வந்த?"

"நான் எங்க வந்தேன், அக்கா? இந்த விளையாட்டுல அரண்மனைக்கு உள்ள நமக்குன்னு ஒரு ஆள் இல்லாம யாரையும் கொல்ல முடியாது. உன்மேல கடுப்புல இருந்த காவலாளி ஒருத்தனை வளைச்சுப் போட்டேன். அரண்மனையில கூட்டம் சேரச் சேர எனக்குக் கொண்டாட்டம்."

அப்படியா சேதி? அடுத்த ஆட்டத்தில் காவலாளி, சமையல்காரர், ராணி என்று ஒருத்தர் விடாமல் துரத்திவிட்டேன். தம்பியின் கொலையாளிகள் வாசலோடு திரும்பினார்கள். என் ராஜா கிழவராகி, தூக்கத்திலேயே நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

நான் துள்ளிக் குதிப்பதற்குள் திரையில் எழுத்து ஓடியது: "வாரிசு இல்லாததால் இந்த நாடு பக்கத்து நாட்டு ராஜாவுக்குச் சேரும்."

அந்த ராஜா, அதாவது என் தம்பி, சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.